பாதிக்குக் குறையக் கூடாது

அந்தப் பானைக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். பெட்டியின் மேல் ஸ்லோ குக்கர் என்று இருந்தது. அண்ணன் அதை ‘சிஸ்டம்’ என்றான். அப்பா ‘தொட்டி’ என்றார். கடுகு எந்தப் பெயரும் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்விழித்தபோது அவள் அதைப் பற்றி நினைத்தது இவ்வளவுதான்: இன்றைக்கு ஒருநாள் ஒழுங்காக வெந்து தொலைக்கட்டும்.

கடுகு என்பது அவளுடைய நிஜப்பெயர் அல்ல. சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் படபடவென்று பொரிந்து தள்ளுவாள் என்று அம்மா வைத்தது. கல்யாணமாகி, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலையில் வருஷக்கணக்காக ஓட்டி, காதோரம் நரை எட்டிப்பார்த்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. வைத்தவள்தான் போய்விட்டாள்.

அம்மா போன கொஞ்ச நாளில் நடந்த கேஸ் விவகாரத்தை அந்தத் தெருவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தெரியாதவர்களுக்காக: அப்பா அடுப்பில் பாலை வைத்தார். பால் பொங்கி நெருப்பை அணைத்தது. கேஸ் தன்பாட்டுக்கு வந்துகொண்டிருக்க, அப்பா அடுத்த அறையில் உட்கார்ந்து செய்தித்தாளில் உலகத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். பெயின்ட் தொழிற்சாலையில் கலவைப் பிரிவு சூப்பர்வைசராக இருந்து, தின்னர் நெடியை முகர்ந்து முகர்ந்து, அவருடைய மூக்கு அவருக்கு முன்னாலேயே ஓய்வு வாங்கிக்கொண்டுவிட்டது. மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா மோப்பம் பிடித்து ஓடி வந்து குமிழைத் திருகியிருக்காவிட்டால், இந்தக் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

அன்று சாயங்காலமே அண்ணன் வந்து சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு போனான்.

அண்ணன் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் கிளை மேனேஜர். வீட்டிலும் எல்லோரும் அவனை மேனேஜர் என்றே சொல்வார்கள். முன்னால் ஒரு மாதிரியும் பின்னால் வேறு மாதிரியும். மனித வாழ்க்கையை அவன் இரண்டே கட்டமாகப் பிரித்து வைத்திருந்தான்: ரிஸ்க், கவர் ஆன ரிஸ்க். அப்பா தனியாக அந்த வீட்டில் இருப்பது முதல் கட்டம். அவரை இரண்டாம் கட்டத்துக்கு நகர்த்துவதற்காக, ஊருக்கு வெளியே இருக்கும் முதியோர் இல்லம் ஒன்றின் வழவழப்பான விளக்கப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். அட்டையில் வயதான தம்பதி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை பல் இருந்தால் நான் எதற்கு அங்கே போகிறேன் என்று அப்பா கேட்டார்.

மேனேஜர் வீட்டுக் கூடத்தில் ஏற்கெனவே அவன் மாமியாரின் கட்டில் கிடந்தது. கடுகின் வீட்டில் மூன்று அறைகளில் ஆறு பேர். யாரும் கெட்டவர்கள் இல்லை. இடம்தான் இல்லை.

கடுகுதான் சண்டை போட்டு ஒரு வாரம் வாங்கினாள். நெருப்பே இல்லாமல், தானே சமைத்துத் தானே அணைகிற பானை ஒன்றை வாங்கிக் கொடுப்போம். அப்பா பழகட்டும். ஞாயிற்றுக்கிழமை யார் உதவியும் இல்லாமல் சமைத்து நம் எல்லோருக்கும் சாப்பாடு போடட்டும். போட்டுவிட்டால் அந்தப் பல் தம்பதியை எடுத்துக்கொண்டு நீ போய்விட வேண்டும். மேனேஜர் சம்மதித்தான். அதற்கு ‘பைலட் ஸ்டடி’ என்று பெயர் வைத்ததும் அவனுக்கே அது தன் யோசனைபோல் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

கடையில் பானைகள் அலமாரி நெடுக அணிவகுத்து நின்றன. சின்னதில் குமிழ் மட்டும்தான், நேரம் பார்த்து நாமே அணைக்க வேண்டும் என்று விற்பனைப் பெண் விளக்கினாள். எத்தனை மணி நேரம் என்று முன்கூட்டியே பதிந்து வைத்தால், சமைத்து முடித்துத் தானே சூட்டைக் குறைத்துக்கொண்டு காத்திருக்கும் ரகம் பெரிய பானையில்தான் வருகிறதாம். எட்டு லிட்டர். அணைக்க மறக்கிற மனிதருக்கு அணைக்க வேண்டிய குமிழை எப்படி வாங்கிக் கொடுப்பது? கடுகு சின்னதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

அந்தப் பெண் சாதாரணமாகத்தான் கேட்டாள், வீட்டில் எத்தனை பேர் என்று.

கடுகு ஒருத்தர் என்றாள். மேனேஜர், விருந்தாளி வந்தால் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றான். அப்பா விரல்விட்டு எண்ணினார். தான், மகன், மருமகள், அவர்களுடைய பிள்ளைகள் இரண்டு, மகள், மாப்பிள்ளை, பேத்தி. எட்டு விரல் மடங்கியிருந்தது. “ஒன்பது” என்றார்.

யாரும் திருத்தவில்லை. எட்டு லிட்டர் பானை பில் போடப்பட்டது.

கூடவே விதிமுறைகளும் வந்தன. உள்ளே போடுவது பாதிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஓரமெல்லாம் காய்ந்து தீய்ந்துவிடும். முக்காலுக்கு மேலும் போகக் கூடாது. கிழங்கு அடியில், இறைச்சி மேலே. முக்கியமாக, நடுவில் மூடியைத் திறக்கவே கூடாது. ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்பி வருவதற்கு அரை மணி ஆகும். மேனேஜர் இதையெல்லாம் ஏற்கெனவே தெரிந்தவன்போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அவன் வீட்டில் வெந்நீர் வைப்பதுகூட அண்ணிதான்.

ஆக, தனி ஆள் ஒருவர் ஒரு வாரம் முழுக்க அரைப் பானை சமைத்தார். திங்கட்கிழமை வெந்த உருளைக்கிழங்கு வியாழக்கிழமை வரைக்கும் கூடவே இருந்தது. மீதியை டப்பா டப்பாவாக மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்றாவது டப்பாவுக்குத் தையல்காரம்மா, எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் சின்னது சார் என்று பணிவோடு சொன்னாள்.

ஞாயிறு காலை ஃபோன் செய்தபோது அப்பா ஷிஃப்ட் ரிப்போர்ட் கொடுத்தார். விடிந்ததுமே தொட்டி லோடு செய்தாயிற்று, உருளை, காரட், வெங்காயம் அடியில், ஆட்டிறைச்சி மேலே, மட்டம் முக்கால், புரோகிராம் எட்டு மணி நேரம், ‘லோ’வில். இரண்டு மணிக்கு டெலிவரி. குரலில் பழைய சூப்பர்வைசர் நிமிர்ந்து நின்றார். கடுகுக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டு மணிக்கு முன்னால் யாரும் போகக் கூடாது என்பது மேனேஜரின் விதி. கடுகு பதினொரு மணி வரைக்கும் தாக்குப் பிடித்தாள். அதற்குள் ஒரு கிண்ணத்தையும் இரண்டு டம்ளரையும் கீழே போட்டிருந்தாள். இங்கே இருந்து உடைப்பதற்கு அங்கேயே போய் உடையேன் என்று கணவன் செருப்பை எடுத்து வாசலில் வைத்தான். அவனுக்கு அன்று மதிய ஷிஃப்ட். மகளுக்குக் காய்ச்சல், பகலெல்லாம் போர்வைக்குள்ளேயே கிடப்பாள்போல் இருந்தது.

தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். கூடத்து மேஜையில் தட்டுகள் அடுக்கி வைத்திருந்தன. எண்ண வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள்.

சமையல்கட்டில் அப்பா பானைக்கு முன்னால் நின்றார். கையில் மூடி. அவர் திரும்பியபோது, மாட்டிக்கொண்ட பையனின் முகம் இருந்தது.

கடுகு கரண்டியை எடுத்து அடியில் விட்டு ஒரு உருளைத் துண்டை அழுத்தினாள். கல். இத்தனை மணி நேரத்துக்கு இறைச்சி நிறம் மாறி ஓரத்தில் குமிழி கட்டியிருக்க வேண்டும். அது வெளிறிப்போய், வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தது. முகப்பில் மட்டும் மீதி நேரம் பச்சை எண்களில் கச்சிதமாகக் குறைந்துகொண்டு வந்தது. அதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. நேரம் முடிந்தால் வேலை முடிந்தது என்று கோப்பை மூடிவிடுகிற நாற்காலிக்காரர்களின் ஜாதி அது.

எத்தனை தடவை திறந்தீர்கள் என்று கேட்டாள். ரவுண்ட்ஸ் போகும்போதெல்லாம் என்றார். தொழிற்சாலையில் கால் மணிக்கு ஒருமுறை தொட்டிகளைத் திறந்து கலவையைப் பார்த்தே ஆக வேண்டும், பார்க்காமல் விட்டால் அடியில் தங்கிவிடும், அந்தப் பழக்கம் என்றார். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை.

கடுகு பொரிந்து தள்ளினாள். இது பெயின்ட் இல்லை, இதைத் திறந்தால் வேகாது என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன், இந்த ஒரு வாரத்துக்காக அண்ணனோடு எப்படிச் சண்டை போட்டேன் தெரியுமா, அவன் இரண்டு மணிக்கு வந்து இந்தக் கல்லைக் கடித்தால் என்ன ஆகும் தெரியுமா, உங்களுக்கு இந்த வீடு வேண்டுமா வேண்டாமா. எல்லாவற்றையும் கேட்டு முடித்தபோது அவளுக்கே மூச்சு வாங்கியது.

அப்போதுதான் அவருடைய கண்ணாடியைப் பார்த்தாள். அவள் கையால் பவர் பார்த்துப் பொருத்திக் கொடுத்த கண்ணாடி. முந்தின நாள்தான் துடைத்துக் கொடுத்திருந்தாள். இப்போது இரண்டு லென்ஸிலும் ஆவி படிந்து காய்ந்து, அதன்மேல் மறுபடி படிந்து காய்ந்து, வளையம் வளையமாகத் திட்டுகள். எட்டி நின்று பார்த்தால் இப்படி ஆகாது. முகத்தைப் பானைக்குள் விட்டால்தான் ஆகும்.

கடையில் செய்கிற பழக்கத்தில், கேட்காமலே அதைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள்.

“எதுக்கு இவ்வளவு கிட்ட போய் பாக்கறீங்க? என்ன தெரியப்போவுது அதுல?”

கண்ணாடி இல்லாத அப்பாவின் முகம் சின்னதாக இருந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் பள்ளம். எதிரில் இருப்பது மகளா சுவரா என்று தெரியாத கண்களோடு பேசினார்.

“பாக்கறதுக்கு இல்லம்மா.”

“பின்ன?”

“மூடியத் தூக்கினா ஆவி வந்து கண்ணாடியில அடிக்கும். வாசனைதான் எனக்கு எப்பவோ போயிடுச்சே. ஆனா கண்ணாடி வெள்ளையா ஆயிடுச்சுன்னா எதிர்ல ஒண்ணுமே தெரியாது பாரு. சமையல்கட்டுல ஆள் இல்லங்கறதும் தெரியாது. முகத்துல சூடு அடிச்சிட்டே இருக்கும், யாரோ சமைக்கற மாதிரியே இருக்கும். அரை நிமிஷம். அப்புறம் தெளிஞ்சிடும்.”

கடுகு துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“தெளிஞ்சதும் மூடிடுவேன். கொஞ்ச நேரம் பேப்பர் படிப்பேன். மறுபடியும் எந்திரிச்சு வருவேன்.”

குழாயில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாடியில் தையல் இயந்திரம் ஓடி நின்றது. கடுகு கண்ணாடியை அவர் முகத்தில் மாட்டிவிட்டாள். நன்றாகத் துடைத்திருந்தாள். கொஞ்சம் கூடுதலாகவே துடைத்துவிட்டோமோ என்று தோன்றியது, அவர் அந்தச் சமையல்கட்டைச் சுற்றிப் பார்த்த பார்வையில்.

அதற்கப்புறம் அவள் செய்ததெல்லாம் கையும் காலும் செய்தது. புரோகிராமை மாற்றி ‘ஹை’யில் போட்டாள். மூடியை நேராக வைத்தாள். சாயங்காலம் வா என்று அண்ணனுக்கு ஃபோன் செய்தாள். ஸ்டடி நடக்கும்போது பாராமீட்டரை மாற்ற முடியாது என்று அவன் சொல்லிவிட்டான். எல்லாவற்றையும் மாடிக்குக் கொண்டுபோய்த் தையல்காரம்மாவின் அடுப்பில் கொதிக்கவைத்துத் திரும்பக் கொண்டுவந்து ஊற்றிவிடலாம், அவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று அப்பாவிடம் கெஞ்சினாள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பழுதான சரக்குக்கு வேறு லேபிள் ஒட்டி அனுப்பியதே கிடையாது என்றார். அந்த வீறாப்பு மட்டும் எந்த மூடி திறந்தும் ஆறவில்லை.

மேனேஜர் இரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டான். தனியாக வந்தான். கக்கத்தில் அந்த விளக்கப் புத்தகம்.

“மத்தவங்க?” என்றார் அப்பா, அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே.

பிள்ளைகளுக்கு டியூஷன், அண்ணிக்கு அவள் அம்மாவை விட்டுவிட்டு வர முடியவில்லை என்று சொன்னான். கடுகு தன் வீட்டு விவரத்தைச் சொன்னாள். அப்பா சரி சரி என்று தலையாட்டிவிட்டு மேஜைக்குப் போனார். மூன்று தட்டுகளை வைத்துக்கொண்டு மீதி அடுக்கை உள்ளே கொண்டுபோய் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

பானையை அவரே தூக்கி வந்தார். அவரே பரிமாறினார். குழம்பு மேலாகச் சூடாகத்தான் இருந்தது. மேனேஜர் உருளைத் துண்டு ஒன்றை வாயில் போட்டான். கடித்தான். மறுபடி கடித்தான். அந்தச் சத்தம் மேஜையில் இருந்த மூன்று பேருக்கும் கேட்டது.

கடுகு முந்திக்கொண்டாள். நான் முன்னாடியே வந்துட்டேன், நான்தான் திறந்து திறந்து பார்த்தேன், அதனாலதான் வேகல என்றாள்.

“இல்ல. நான்தான் திறந்தேன்” என்றார் அப்பா. “காலையில இருந்து திறந்துட்டே இருக்கேன். அவ பொய் சொல்றா.”

மேனேஜர் கரண்டியை வைத்தான். தொண்டையைச் செருமினான். அவன் தொண்டையைச் செருமினால் கிளை அலுவலகத்தில் பதினான்கு பேர் நிமிர்ந்து உட்காருவார்களாம். ரிஸ்க் என்று ஆரம்பித்தான். உணர்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டு அணுக வேண்டும் என்றான். நான் சொல்றது உங்க நல்லதுக்கு என்றான். அதற்கு மேல் தயாரித்து வைத்திருந்த வாக்கியம் எங்கோ சிக்கிக்கொண்டது. தண்ணீர் குடித்தான்.

அந்த இடைவெளியில் அப்பா கேட்டார்.

“அந்த இடத்துல சாப்பாட்டை ரூமுக்குக் கொண்டுவந்து குடுப்பாங்களா, எல்லாரும் ஒண்ணா உக்காருவாங்களா?”

மேனேஜருக்கு அந்தப் புத்தகம் மனப்பாடம். ஆனாலும் பிரித்துப் பார்த்தான். “ஒண்ணாத்தான்பா. பெரிய ஹால். ஒரு பந்திக்கு நாப்பது பேர்.”

“சமையல்கட்டு கண்ணுல படுமா?”

“படாதுப்பா. அது பின்னாடி, தனிக் கட்டடம்.”

அப்பா தன் தட்டில் இருந்த காரட்டைக் கரண்டியால் ஓரத்துக்குத் தள்ளினார். “அப்ப போய்ப் பாக்கலாம்” என்றார்.

கடுகு பதறிப்போனாள். இன்னும் ஒரு வாரம் குடு அண்ணா என்றாள். மூடியை நான் டேப் போட்டு ஒட்டிவிட்டுப் போகிறேன் என்றாள். வேலைக்குப் போகும்போது இந்த வழியாகவே போகிறேன், நானே போட்டு வைத்துவிட்டுப் போகிறேன் என்றாள். சொல்லிக்கொண்டே போனவள், அப்பா தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு நிறுத்தினாள்.

“நீ இந்த வீட்டை விட்டுக் குடுக்கமாட்டேன்னு நிக்கற. சந்தோஷம்தான். ஆனா தெனம் காலையில இங்க எந்திரிக்கறது நான்தானம்மா.”

கடுகு கைப்பையை மடிக்கு இழுத்தாள். அதன் பக்கவாட்டில் இந்த வீட்டுச் சாவி இருந்தது. தட்டாமல், கேட்காமல், தன் பாட்டுக்குத் திறந்துகொண்டு உள்ளே வருவதற்கு உலகத்தில் அவளுக்கு இருந்த ஒரே கதவு. புகுந்த வீட்டில்கூட மாமியார் வந்து தாழ்ப்பாளை எடுக்க வேண்டும். இத்தனை நாள் யாருக்காகச் சண்டை போட்டோம் என்று முதல்முறையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது.

மேனேஜர் ஜெயித்துவிட்டான். ஜெயித்தவன் முகத்தில் அதற்குண்டான களை இல்லை. குனிந்து, வேகாத உருளைத் துண்டுகளை ஒவ்வொன்றாக, ஒன்று விடாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்தான். வேண்டாம்டா, வயிறு வலிக்கும் என்று அப்பா சொன்னார். அவன் நிறுத்தவில்லை.

சாப்பிட்டு முடித்ததும், செவ்வாய்க்கிழமை காரை எடுத்துக்கொண்டு வருகிறேன், நானே கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டுகிறேன் என்றான்.

“நீ வேண்டாம்” என்றார் அப்பா. “உன்கூட வந்தா எல்லாத்தையும் நல்லா இருக்கு நல்லா இருக்குன்னுவ. கடுகு வரட்டும். அவதான் குறை கண்டுபிடிப்பா.” அவள் பக்கம் திரும்பினார். “லீவு கிடைக்குமாம்மா?”

கிடைக்கும் என்று தலையசைத்தாள். குறை ஒன்றும் கண்ணில் படாமல் போய்விடுமோ என்றுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.